எண்ணெயை ஊற்றுவதா, கசிவைத் தேடுவதா?

கொங்கு நாட்டில் கடல் இல்லை. நொய்யலும் பவானியும் அமராவதியும் காவிரியோடு கலந்து கிழக்கே போய்விடுகின்றன. நம்மில் பலர் வேளாங்கண்ணிக்குத் திருப்பயணம் போகும்போதுதான் கடலைக் காண்கிறோம். ஆகவே கோவையில் அமர்ந்துகொண்டு ஒருவன் மோட்டார்ப் படகைப் பற்றி எழுதுவது விந்தையாகத் தோன்றலாம். எனினும் சில ஆண்டுகளுக்கு முன் என் மனச்சான்றை நெடுநாள் உறங்கவிடாத வினா ஒன்று படகின் உருவில்தான் வந்தது. அதை நான் சந்தித்தது ஏரிக்கரையில் அன்று. கணபதிப் பகுதியில் ஒரு சிறு பட்டறையின் மேசைமீது.

அந்தப் பட்டறையின் உரிமையாளர் எங்கள் பங்கைச் சேர்ந்தவர். என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்தவர். ஹைட்ராலிக் சிலிண்டர்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். டிராக்டரின் கலப்பையைத் தூக்கும் சிலிண்டர், மண் அள்ளும் இயந்திரத்தின் கை, திருச்செங்கோட்டிலிருந்து இந்தியா முழுவதும் போகும் ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டியின் தூண் ஆகியவை எல்லாம் எண்ணெய் கசியும்போது அவரைப் போன்றவர்களிடம் வந்து சேர்கின்றன. அன்று மேசைமீது கிடந்தது அவற்றைவிடச் சிறியது. மலைமேல் ஒரு நீர்த்தேக்கத்தில் உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்லும் தனியார் விரைவுப் படகிலிருந்து கழற்றிக் கொண்டுவரப்பட்டது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பத்து நாள்கள் இருந்தன.

அதன் வேலை என்ன என்று அவர் எனக்கு விளக்கினார். விரைவுப் படகின் எஞ்சின் பின்புறத்தில் தொங்குகிறது. அது நீரைத் தள்ளும் கோணத்தைச் சில பாகைகள் மாற்றினால் போதும், படகின் நடையே மாறிவிடும். எஞ்சினை உள்நோக்கி இழுத்தால் முகப்பு தாழ்ந்து நீரைக் கிழிக்கும். வெளிநோக்கித் தள்ளினால் முகப்பு உயர்ந்து படகு நீரின்மேல் வழுக்கிச் செல்லும். அளவுக்கு மீறித் தள்ளினால் முகப்பு எழுந்தும் விழுந்தும் குதிரைபோல் துள்ளும். இந்தச் சரிசெய்தலுக்கு ட்ரிம் என்று பெயர். ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்த, சிறு மின்மோட்டார் பம்பைச் சுழற்ற, பம்பு எண்ணெயைத் தள்ள, சிலிண்டரின் ராடு நீண்டும் குறுகியும் எஞ்சினை வேண்டிய இடத்தில் நிறுத்துகிறது.

இதற்கு மற்றொரு கடமையும் உண்டு. படகுக்குப் பிரேக் கிடையாது. துறையை நெருங்கும்போது எஞ்சினைப் பின்னோக்கி இயக்கியே படகை நிறுத்த வேண்டும். அப்போது எஞ்சின் தானே மேலெழும்பப் பார்க்கும். அதை எழவிடாமல் பிடித்துக்கொள்வது சிலிண்டருக்குள் அடைபட்டிருக்கும் எண்ணெய்தான். எண்ணெய் பிடி தளர்ந்தால் எஞ்சின் தூக்கிக்கொள்ளும். நிற்க வேண்டிய படகு நில்லாது. துறையில் குழந்தையைக் கையில் பிடித்தபடி அடுத்த சவாரிக்குக் காத்திருப்பவர்களை நோக்கி அது வந்துகொண்டே இருக்கும்.

நோய் ஒன்று, மருந்து வேறொன்று

பழுது என்னவென்று படகுக்காரரே சொல்லியிருந்தார். எண்ணெய் குறைகிறது, ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊற்ற வேண்டியிருக்கிறது, பின்னோக்கி இயக்கும்போது எஞ்சின் சற்றே தூக்குகிறது. "சீல் போயிருக்கும், மாற்றிக் கொடுங்கள்" என்பது அவர் வேண்டுகோள். சீல் என்பது ராடு வெளிவரும் வாயில் பொருந்தியிருக்கும் ரப்பர் வளையம். விலை அதிகமில்லை. அரை நாள் வேலை.

சீல் போயிருந்தது உண்மையே. சிலிண்டரிலிருந்து வடித்த எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தது; எண்ணெய் வெளியேறிய வழியே தண்ணீர் உள்ளே புகுந்திருந்தது. ஆனால் நண்பர் ராடைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, என் கையில் கொடுத்தார். "கண்ணுக்குத் தெரியாதுங்க வாத்தியாரய்யா. நகத்தால தடவிப் பாருங்க" என்றார். கண்ணாடிபோல் பளபளத்த அந்தப் பரப்பில் என் நகம் மூன்று இடங்களில் தட்டியது. துரு அரித்த நுண்ணிய பள்ளங்கள். ராடு உள்ளே போய் வரும் ஒவ்வொரு முறையும் அந்தப் பள்ளத்தின் கூரிய விளிம்பு சீலை மயிரிழை அளவு அறுத்துக்கொண்டிருந்தது.

அதாவது, நோய் சீலில் இல்லை, ராடில் இருந்தது. புதிய சீல் போட்டால் சில நாள்களுக்கு ஒரு சொட்டும் கசியாது. பிறகு அதுவும் அறுபடும். சரியான சிகிச்சை, ராடைக் கடைந்து, பள்ளத்தின் அடிவரை உராய்ந்து எடுத்து, குரோமியப் பூச்சு ஏற்றி, மறுபடி அளவுக்குத் தேய்த்து, அதன்பின் சீல் போடுவது. பூச்சுக் கடையில் வரிசை இருந்தது. எப்படியும் இரண்டு வாரம். விடுமுறை வருவாய் முழுவதும் அதற்குள் போய்விடும்.

படகுக்காரரிடம் தொலைபேசியில் சொன்னாராம். மறுமுனையிலிருந்து வந்த பதில் நம் எல்லாருக்கும் பழக்கமானதே: "இப்போதைக்கு சீலை மட்டும் போடுங்கள். பொங்கல் கழியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

நண்பர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அவர் கேட்டதைத்தானுங்க செய்யப் போறேன். கேட்டதைச் செஞ்சு குடுத்துக் கூலி வாங்கறது பாவமாங்களா?"

நான் ஆசிரியனாக இருந்தவன். ஆசிரியர்களுக்கு விடை விரைவாக வந்துவிடும். "மனச்சான்றுக்குச் சரி என்று படுவதைச் செய்யுங்கள்" என்றேன். அவர் சிரித்தார். "நான் மாட்டேன்னு சொன்னா, ரெண்டு தெரு தள்ளி இன்னொருத்தர் போட்டுக் குடுத்துருவாருங்க. ராடுல பள்ளம் இருக்குதுன்னு பார்க்கக்கூட மாட்டாரு. படகு எப்படியும் ஓடத்தான் போகுது. என் கை சுத்தமா இருக்கும்; அவ்வளவுதானுங்க. அந்தச் சுத்தம் யாருக்கு ஆகும்? என்ற பசங்க ரெண்டு பேருக்கு விழாவுக்கு போனஸ் யாரு குடுப்பாங்க?"

எனக்கு விடை வரவில்லை. இக்கட்டுரை, அன்று சொல்ல இயலாத விடையை நான் தேடிய கதை.

அழுத்தத்தின் சட்டம்

ஹைட்ராலிக் கருவிகள் அனைத்தும் ஓர் அடிப்படை விதியின்மீது நிற்கின்றன. மூடிய கலத்திலுள்ள நீர்மத்தின் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம், குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்பதே அது. பள்ளியில் நாம் படித்த பாஸ்கல் விதி. அந்த பிளேஸ் பாஸ்கல் 1623 ஜூன் 19 அன்று பிரான்சு நாட்டின் கிளெர்மோனில் பிறந்தவர். 1662 ஆகஸ்டு 19 அன்று, நாற்பது வயது நிரம்பாமலே மறைந்தவர். நீர்மங்களின் சமநிலை பற்றி அவர் எழுதிய நூல் அவர் இறந்த மறு ஆண்டு, 1663இல், அச்சேறியது. ஒரு கலத்துக்குச் சிறிதும் பெரிதுமாக இரு வாய்கள் இருந்து, பெரியது சிறியதைவிட நூறு மடங்கு பரப்புள்ளதாயின், சிறிய வாயை ஒருவன் அழுத்தும் விசை, பெரிய வாயில் நூறு பேரின் விசைக்கு ஈடுகொடுக்கும் என்று அவர் காட்டினார். நம் ஊரின் பல பட்டறைகள் இன்றும் அந்த அறிவில்தான் சோறு உண்கின்றன.

அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்பதன் மறுபக்கம் ஒன்றுண்டு. அது எந்த மூலையையும் விட்டுவைக்காது. கலத்தில் எங்கே பலவீனம் இருக்கிறதோ அங்கே அது போய்ச் சேர்ந்தே தீரும். நகம் மட்டுமே உணரக்கூடிய பள்ளத்தையும் அது கண்டுபிடித்துவிடும்.

மனிதர்களுக்கிடையிலும் இவ்வாறே நிகழ்கிறது என்று எனக்குப் படுகிறது. விடுமுறை நாளில் உல்லாசம் வேண்டும், அதுவும் குறைந்த கட்டணத்தில் வேண்டும் என்று பயணி படகுக்காரரை அழுத்துகிறார். வங்கித் தவணை அவரை மற்றொரு புறம் அழுத்துகிறது. அவர் பட்டறைக்காரரை அழுத்துகிறார். பட்டறைக்காரரைக் கூலியும் வாடகையும் மகளின் கல்லூரிக் கட்டணமும் அழுத்துகின்றன. ஒவ்வொருவரிடம் கேட்டாலும், "அழுத்தம் என்னுடையதன்று, மேலிருந்து வந்தது" என்பார். அவர் சொல்வது பொய்யுமன்று. ஆனால் இவ்வழுத்தம் கடைசியில் போய்ச் சேரும் இடம், அதைப்பற்றி ஒன்றுமே அறியாமல் துறையில் நிற்கும் குழந்தை. வழியில் எவரேனும் ஒருவர் பிடித்து நிறுத்தினாலொழிய அது நில்லாது.

பாஸ்கல் அறிவியலோடு நின்றவரல்லர். 1654 நவம்பர் 23ஆம் நாள் இரவு அவருக்கு வாய்த்த இறை அனுபவத்தைத் தோல்தாளில் எழுதித் தம் அங்கியின் உட்புறத்தில் தைத்துக்கொண்டார். அவர் மறைந்த பின்னரே பிறர் அதைக் கண்டனர். 1656, 57ஆம் ஆண்டுகளில் அவர் எழுதிய 'மாகாணக் கடிதங்கள்', அக்கால அறநெறி வல்லுநர் சிலரைக் கடுமையாகச் சாடின. எந்தச் செயலுக்கும் யாரேனும் ஒரு நூலாசிரியரின் கருத்தைத் துணைக்கு அழைத்து, அது பாவமாகாது என்று வழி காட்டிவிடுகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. கடிதங்களில் நியாயமற்ற கடுமையும் உண்டு. 1657இல் திருச்சபை அந்நூலைத் தடைசெய்தது. ஆயினும் திருத்தந்தை பிரான்சிஸ், பாஸ்கல் பிறந்த நானூறாம் ஆண்டு நிறைவான 2023 ஜூன் 19 அன்று, அவரைப் போற்றி ஒரு திருத்தூது மடலே வெளியிட்டார். உண்மையைத் தேடிய ஒருவரைத் திருச்சபை மறந்துவிடுவதில்லை.

பாஸ்கலின் சாட்டையடி என் நண்பரின் வினாவுக்கும் பொருந்துமா? "அவர் கேட்டார், நான் செய்தேன்" என்பதும், "நான் செய்யாவிட்டால் இன்னொருவர் செய்வார்" என்பதும் அத்தகைய வசதியான வழிகள்தாமா? அவசரப்பட்டுத் தீர்ப்பிட எனக்கு மனமில்லை. ஏழைத் தொழிலாளியின் நெருக்கடியை அறியாமல் அறம் பேசுவது எளிது. அந்த அறநெறி வல்லுநர்களும் இத்தகைய நெருக்கடியில் சிக்கிய மனிதர்களுக்கு மூச்சுவிட இடம் தேடியவர்களே. பிற்காலத்தில் மிகு கண்டிப்புக்கும் மிகு தளர்வுக்கும் நடுவே வழி கண்ட புனித அல்போன்ஸ் லிகோரியாரைத் திருச்சபை 1950இல் ஒப்புரவு கேட்கும் குருக்களுக்கும் அறநெறி இறையியலாருக்கும் பாதுகாவலராக அறிவித்தது. ஆகவே நாமும் நிதானமாகவே வழி தேடுவோம்.

கைப்பிடிச் சுவரும் முட்டும் மாடும்

திருவிவிலியத்தில் இயந்திரம் இல்லை. ஆனால் பழுதும் ஆபத்தும் உண்டு. இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில், புதுவீடு கட்டுகிறவன் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்று ஒரு கட்டளை வருகிறது; எவரேனும் விழுந்தால் இரத்தப்பழி அவ்வீட்டைச் சேரும். விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரம், முட்டும் மாட்டைப் பற்றிப் பேசுகிறது. மாடு ஒருவனை முட்டிக் கொன்றால், அது முட்டும் மாடு என்பது முன்பே உரிமையாளனுக்குத் தெரியுமா, அவன் எச்சரிக்கப்பட்டிருந்தானா என்று கேட்கிறது. தெரியாதெனில் மாடு மட்டும் கொல்லப்படும். தெரிந்தும் கட்டி வைக்கவில்லையெனில் உரிமையாளனும் பொறுப்பாளி. அதே அதிகாரத்தில், குழி தோண்டி மூடாமல் விட்டவன் அதில் விழுந்த விலங்குக்கு ஈடு செய்ய வேண்டும் என்றும் காண்கிறோம்.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு தெளிவு பிறக்கிறது. 'யாரையும் கொல்ல எண்ணவில்லை' என்பது போதிய விடையன்று. விழுவதற்கு முன்பே சுவர் எழுப்பாமல் விட்டது கேட்கப்படும். தெரிந்திருந்ததா என்பது கேட்கப்படும். அறிவு பொறுப்பைப் பிறப்பிக்கிறது. நகத்தால் தடவிப் பார்க்கும் திறமை ஒருவருக்கு அருளப்பட்டிருந்தால், அத்திறமையே அவர்மீது ஒரு கடமையைச் சுமத்துகிறது. இரண்டு தெரு தள்ளியிருப்பவர் பள்ளத்தைப் பாராமல் சீல் போட்டால் அவர் கவனக்குறைவுக்குப் பொறுப்பாளி. என் நண்பர் பார்த்துவிட்டுப் போட்டால், அவர் வேறொன்றுக்குப் பொறுப்பாளி.

புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில் வாங்குதல் விற்றல் பற்றிய பகுதியில் இதை நேராகவே ஆராய்கிறார். விற்பவன் பொருளின் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவனா? குறை வெளிப்படையாகத் தெரிவதாயின், விலையும் அதற்கேற்பக் குறைந்திருந்தால், சொல்லாமலிருக்கலாம். ஆனால் குறை மறைவாக இருந்து, அதனால் வாங்குபவருக்கு இழப்போ ஆபத்தோ நேருமாயின், சொல்லியே ஆக வேண்டும். நொண்டிக் குதிரையை விரைவுக் குதிரை என்றும், இடியப் போகும் வீட்டை உறுதியான வீடு என்றும் கொடுப்பதை அவர் எடுத்துக்காட்டுகிறார். ராடின் பள்ளம் மறைவான குறை, ஆபத்தும் உண்டு. எனவே சொல்வது கடமை என்பதில் ஐயமில்லை.

என் நண்பர் சொல்லிவிட்டார். படகுக்காரரும் கேட்டுக்கொண்டார். அத்துடன் கடமை முடிந்ததா?

யாருடைய ஆபத்து?

இந்த இடத்தில்தான் நான் நெடுநாள் தடுமாறினேன். பின்னர், அதே பட்டறையில் கண்ட வேறொரு காட்சி வழி காட்டியது. ஓர் உழவர் டிராக்டர் சிலிண்டரைக் கொண்டுவந்தார். அதன் ராடும் அரித்திருந்தது. "மழை பெய்திருக்கிறது, உழுது முடிக்கும்வரை தாங்கினால் போதும், சீலை மட்டும் மாற்றுங்கள்" என்றார். நண்பர் தயங்காமல் மாற்றிக் கொடுத்தார். அதில் எந்த நெருடலும் எனக்கும் தோன்றவில்லை. இரண்டும் ஒரே பழுது; ஒரே வேண்டுகோள்; ஒரே தற்காலிக வேலை. ஒன்று சரியாகவும் மற்றொன்று தவறாகவும் படுவதேன்?

டிராக்டர் சிலிண்டர் மறுபடி கசிந்தால் கலப்பை மெல்லத் தாழும். உழவு ஒரு நாள் நிற்கும். இழப்பு உழவருக்கு. அவர் அறிந்து, எண்ணிப் பார்த்து, தம் தோளில் ஏற்றுக்கொண்ட இழப்பு அது. தன் பொருளைப் பற்றித் தானே முடிவு செய்ய அவருக்கு உரிமை உண்டு. அம்முடிவுக்கு உதவுவதில் குற்றமில்லை. படகில் அப்படியன்று. ஒப்புதல் தருபவர் ஒருவர். ஆபத்தைச் சுமப்பவர் வேறொருவர். சுமப்பவருக்குத் தாம் சுமப்பதே தெரியாது. சீட்டு வாங்கும்போது ராடைப் பற்றி அவரிடம் எவரும் கேட்கவில்லை. பிறருடைய உயிரைப் பணயமாக வைக்கப் படகுக்காரருக்கு உரிமை இல்லை. தமக்கு இல்லாத உரிமையைப் பட்டறைக்காரருக்கு அவர் வழங்கவும் முடியாது. 'அவர் கேட்டார்' என்ற விடை இங்கே விழுந்துவிடுகிறது. கேட்க வேண்டியவர் அவர் மட்டும் அல்லர்.

இனி இரண்டாவது விடை: நான் மறுத்தாலும் இன்னொருவர் செய்வார். இது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இதே சொல்லை அந்த இன்னொருவரும் சொல்லலாம். அவருக்கு அடுத்தவரும் சொல்லலாம். எல்லாரும் சொல்லும்போது எவரும் பொறுப்பாளி அல்லர். ஆனால் படகு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் உல்லாசப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். 2011இல் கிறிஸ்து பிறப்பு நாளன்றே பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து குடும்பத்தோடு சென்றவர்கள் இறந்தனர். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில், மீன்பிடிப் படகை மாற்றியமைத்த உல்லாசப் படகில் அளவுக்கு மீறி ஏறியவர்களில் 22 பேர் உயிரிழந்தனர். இவற்றில் எதுவும் சீலால் நேர்ந்ததன்று. ஆனால் இத்தகைய துயரங்களைத் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம், ஒரே பெருங் கொடியவனைக் காண்பது அரிது. 'இந்த ஒரு முறை', 'இந்த ஒரு சவாரி', 'இன்னும் நாலு பேர்' என்று பலரும் விட்டுக்கொடுத்த சிறுசிறு இடங்களையே காண்கிறோம்.

மேலும், மறுப்பு எதையும் மாற்றாது என்பதும் முழு உண்மையன்று. காரணத்தோடு மறுக்கப்பட்டவர், மறுக்கப்படுவதற்கு முன்பிருந்த மனிதர் அல்லர். முட்டும் மாட்டின் உரிமையாளனைப்போல அவர் இப்போது எச்சரிக்கப்பட்டவர். அறியாமை என்னும் நிழல் அவருக்கு இனி இல்லை. வேறு பட்டறைக்குப் போகலாம். ஆனால் தெரியாதவராக இனி அவர் போக முடியாது.

எஞ்சியிருப்பது போனஸ். இதற்கு எளிய விடை என்னிடம் இல்லை. நேர்மைக்கு விலை உண்டு. அவ்விலையைப் பெரும்பாலும் கொடுப்பவர்கள் கொடுக்கச் சக்தியற்றவர்களே. ஆகவே இவ்வினாவைப் பட்டறை வாசலோடு விட்டுவிட நமக்கு உரிமை இல்லை. மலிவாகவும் விரைவாகவும் வேண்டும் என்று எங்கும் கேட்கும் நாமும் அந்தக் கலத்துக்குள் இருக்கும் நீர்மமே. இரண்டு வாரம் ஆகும் என்று சொல்பவரை ஏமாற்றுக்காரர் என்றும், மாலையே தருகிறேன் என்பவரை நல்லவர் என்றும் நாம் எண்ணும் வரை, நேர்மையானவனின் அடுப்பில் நாம்தான் தண்ணீர் ஊற்றுகிறோம்.

வலைகளைப் பழுது பார்த்தவர்கள்

ஆண்டவர் இயேசு கலிலேயக் கடற்கரையில் யாக்கோபையும் யோவானையும் அழைத்தபோது அவர்கள் படகில் அமர்ந்து வலைகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று மத்தேயுவும் மாற்கும் எழுதுகிறார்கள். 'பழுது பார்த்தல்' என்பதற்கு அங்கே வழங்கும் கிரேக்கச் சொல் 'கதார்திசோ'. கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் 6ஆம் அதிகாரத்தில், குற்றத்தில் அகப்பட்ட சகோதரனைக் கனிவோடு திருத்துங்கள் என்று பவுலடியார் கேட்டுக்கொள்ளும்போதும் இதே சொல்லையே ஆள்கிறார். கிழிந்த வலையைச் சீராக்குவதும் விழுந்த மனிதனைத் தூக்கி நிறுத்துவதும் மறைநூலின் மொழியில் ஒரே வேலை. பட்டறையில் குனிந்திருக்கும் நம் சகோதரர்கள் இதை அறிந்து மகிழ்வார்களாக.

அப்படியாயின், பழுது பார்க்கும் கலை நம் ஆன்மாவுக்கும் ஒன்று சொல்லித்தரும். ஒப்புரவு அருட்சாதனத்துக்கு ஐந்து காரியங்கள் வேண்டும் என்று மறைக்கல்வியில் மனப்பாடம் செய்தோம்: ஆத்தும சோதனை, மனத்துயர், பிரதிக்கினை, பாவங்களை அறிக்கையிடல், பரிகாரம். இவற்றில் அறிக்கையிடல் நமக்குப் பழகிவிட்டது. தவக்காலத்துக்கு ஒரு முறை, திருவருகைக் காலத்துக்கு ஒரு முறை, குறைந்த எண்ணெயை ஊற்றிக்கொண்டு வந்துவிடுகிறோம். அதே சினம், அதே பொய், அதே பொறாமை, அதே எண்ணெய். இறைவனின் இரக்கம் வற்றுவதில்லை. எத்தனை முறை போனாலும் அவர் ஊற்றுவார். ஊற்றாவிட்டால் படகு துறையைவிட்டே கிளம்பாது என்பதும் உண்மை. ஆனால் ஆத்தும சோதனை என்பது எண்ணெய் எவ்வளவு குறைந்தது என்று அளப்பது மட்டுமா? ராடை வெளிச்சத்தில் பிடித்து நகத்தால் தடவுவதும் அல்லவா? சினத்தை அறிக்கையிடுகிறோம், அதை நாள்தோறும் அறுத்துக் கசியவிடும் பழைய காயத்தை, தீர்க்காத பங்காளி வழக்கை, திருப்பித் தராத கடனைத் தொடாமலே விட்டுவிடுகிறோம்.

ஆறுதலும் அந்தப் பட்டறையிலேயே இருக்கிறது. அரித்த ராடை எவரும் குப்பையில் எறிவதில்லை. அதைக் கடைசலில் பூட்டி, பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு ஆழத்துக்கு நல்ல பகுதியையும் சேர்த்தே உராய்ந்து எடுக்கிறார்கள். பள்ளத்தின்மேல் அப்படியே பூச்சிட்டால் பூச்சும் பள்ளமாகவே படியும். முதலில் குறைய வேண்டும். பிறகே புதிதாக நிறைய முடியும். அருள் நம்மைத் தொடும்போது வலிப்பதன் காரணம் இதுவாகவே இருக்கலாம்.

நிகழாத ஒன்று

நண்பர் என்ன செய்தார் என்பதைச் சொல்லி முடிக்கிறேன். என்னிடம் கேட்ட மறுநாளே அவர் முடிவெடுத்துவிட்டார். என் விடைக்காகக் காத்திருக்கவில்லை. ராடைப் பூச்சுக் கடைக்கு அனுப்பினார். பில்லின் மேற்புறத்தில், ராடு அரித்திருப்பதையும், அதைச் சரிசெய்யாமல் பயணிகளை ஏற்றுவது ஆபத்து என்பதையும் தம் கையாலேயே தமிழில் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்திட்டார். படகுக்காரர் வந்து சத்தம் போட்டார். விழாக்காலமாதலால் மாற்றுப் பட்டறை தேட அவருக்கும் நேரமில்லை. அந்த விடுமுறை முழுவதும் படகு கரையில் நின்றது. பொங்கலுக்குப் பிறகு வேலை முடிந்தது. கூலி மூன்று தவணையாக வந்தது. அதற்குப்பின் அந்த மனிதர் அப்பட்டறைக்கு வரவில்லை. அவர் அனுப்பிக்கொண்டிருந்த மற்ற வேலைகளும் நின்றுபோயின. உதவியாளர் இருவருக்கும் அவ்வாண்டு பாதி போனஸ்தான்.

"நஷ்டந்தானே?" என்று கேட்டேன்.

"நஷ்டந்தானுங்க" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனா ஒண்ணும் ஆகலீங்க பாருங்க" என்றார்.

அந்தச் சொல்லை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. நேர்ந்த விபத்துக்குச் செய்தி உண்டு, விசாரணை உண்டு, நினைவுநாள் உண்டு. நேராத விபத்துக்கு ஒன்றுமில்லை. அந்தத் துறையில் நின்றிருக்கக்கூடிய குழந்தை இப்போது ஏதோ ஒரு பள்ளியில் படித்துக்கொண்டிருக்கலாம். கணபதியில் ஒருவர் அதற்காகப் பாதி வருமானம் இழந்தார் என்பது அதற்கு ஒருபோதும் தெரியாது. இவ்வுலகில் செய்யப்படும் நன்மையில் பெரும்பகுதி இப்படி யாரும் காணாத, ஒன்றும் நிகழாத நன்மையாகவே இருக்க வேண்டும். மறைவில் உள்ளதைக் காணும் தந்தை ஒருவர் இருக்கிறார் என்று ஆண்டவர் மலைமீது கற்பித்ததை நம்புகிறவர்களால் மட்டுமே அதைச் சலிப்பின்றிச் செய்துகொண்டிருக்க முடியும்.

அடுத்த முறை ஏரியில் படகேறும்போது, துறையில் அது அமைதியாக வந்து நிற்குமானால், முகமறியாத ஒரு கைக்காக நாம் ஒரு நொடி செபிக்கலாம். வீடு திரும்பியபின் நம் மேசைமீது கிடக்கும் வேலையையும் ஒரு முறை நகத்தால் தடவிப் பார்க்கலாம்.